செகுண்டா இருந்தும் பெட்ரோல் விலையை வளைகுடா ஏன் தீர்மானிக்கிறது?

டர்பன்_கணக்கர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கட்சிச் சண்டை கிளப்ப எழுதவில்லை. கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் வயிறு எரிந்து எழுதுகிறேன்.

2022 ஜூலையில் ஜோகன்னஸ்பர்க்கில் 95 ஆக்டேன் பெட்ரோல் லிட்டருக்கு 26 ராண்டு 74 சென்ட். உக்ரைனில் குண்டு விழுகிறது, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் அக்கா பிள்ளைகளின் பள்ளி வேன் கட்டணம் ஏறுகிறது. அந்த ஆண்டு ஏப்ரலில் எரிபொருள் தீர்வையை ஒன்றரை ராண்டு குறைத்தார்கள். ஆகஸ்டுக்குள் பழையபடி ஏற்றிவிட்டார்கள். வேன் கட்டணம் மட்டும் இறங்கவே இல்லை.

2020க்கு முன் தென்னாப்பிரிக்காவில் ஆறு எரிபொருள் ஆலைகள் இருந்தன. நான்கு கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தன. செகுண்டா நிலக்கரியிலிருந்தும் மொசெல் பே கடல் எரிவாயுவிலிருந்தும் எண்ணெய் எடுத்தன. டர்பனில் மட்டும் இரண்டு ஆலைகள். 2020 டிசம்பர் 4 வெடிவிபத்துக்குப் பிறகு எஞ்சென் ஆலை திறக்கவே இல்லை. அதைச் சேமிப்புக் கிடங்காக மாற்றுவதாக அறிவித்துவிட்டார்கள். இன்னொன்றான சேப்ரெஃப் 2022 மார்ச்சில் நின்றது; அடுத்த மாதமே ஏப்ரல் வெள்ளம் அதை மூழ்கடித்தது. மொசெல் பேயில் எரிவாயு தீர்ந்து 2020லேயே உற்பத்தி நின்றுபோனது. முன்பு கச்சா எண்ணெயை வாங்கினோம், இப்போது பெட்ரோலாகவும் டீசலாகவும் ஆனதையே வளைகுடாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் இறக்குகிறோம். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான்.

நிலக்கரி நம் காலடியில் கிடக்கிறது. இன்னொரு செகுண்டாவைக் கட்டி வெளிநாட்டு எண்ணெய்க்கு முழுக்குப் போட்டால் என்ன? மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

---

நீராவிக்குழாய்

கணக்கர் அண்ணா, நான் திருச்சியில் படித்துவிட்டு வந்து செகுண்டாவில் வேலை செய்கிறேன். உங்கள் கேள்விக்கு விடை நான் தினமும் பார்க்கிற இடத்திலேயே இருக்கிறது.

இங்கே நிலக்கரியை நேரடியாக எண்ணெயாக்குவதில்லை. எண்பது சொச்சம் வாயுவாக்கிகள் வரிசையாக நிற்கின்றன. மேலிருந்து கட்டி நிலக்கரி இறங்கும், கீழிருந்து நீராவியும் ஆக்சிஜனும் ஏறும். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு கிடைக்கும். அதைச் சுத்தம் செய்து, இரும்பு வினையூக்கி மேல் செலுத்தினால்தான் பெட்ரோல், டீசல், மெழுகு எல்லாம் பிரிந்து வரும். ஜெர்மானியர்கள் 1920களில் கண்டுபிடித்த முறை இது. ஆக்சிஜனைப் பிரிக்க மின்சாரம் வேண்டும், நீராவிக்குத் தனியாக நிலக்கரி எரிக்க வேண்டும். நிலக்கரி தூளாக வந்தால் வாயுவாக்கியில் போட முடியாது, அது கொதிகலனுக்குப் போகும். ஒவ்வொரு படியிலும் ஆற்றல் ஒழுகுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,50,000 பீப்பாய் கிடைக்கிறது, உண்மைதான். அதற்கு ஈடாக ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. உலகத்தில் ஒரே இடத்திலிருந்து இவ்வளவு புகை விடுகிற ஆலை வேறு இல்லை என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். 2019 ஜூனிலிருந்து கார்பன் வரி வேறு. எந்த வங்கியும் இரண்டாவது செகுண்டாவுக்குக் கடன் கொடுக்காது.

அதைக்கூட விடுங்கள். உங்கள் அக்காவின் வேனுக்கு வருகிறேன்.

பெட்ரோலின் அடிப்படை விலையை அரசு எப்படிக் கணக்கிடுகிறது? வெளிநாட்டுச் சுத்திகரிப்பு மையங்களின் விலையை எடுத்து, கப்பல் கூலி, காப்புறுதி, துறைமுகச் செலவு எல்லாவற்றையும் சேர்த்து, டாலரிலிருந்து ராண்டுக்கு மாற்றுகிறார்கள். அதாவது ஒவ்வொரு லிட்டரும் கப்பலில் வந்ததாகவே வைத்துக் கணக்கு. செகுண்டா இருக்கிற ம்புமலாங்கா மாகாணத்தில் வெட்டிய நிலக்கரியில், அங்கேயே செய்த பெட்ரோலுக்கும் அதே கணக்குத்தான். கடலையே பார்க்காத பெட்ரோலுக்கும் நீங்கள் கப்பல் கூலி கொடுக்கிறீர்கள். பத்துச் செகுண்டா கட்டினாலும் உக்ரைன் குண்டு வேன் கட்டணத்தில் விழத்தான் செய்யும்.

---

மெரிபேங்க்_மூத்தவர்

நீராவிக்குழாய் தம்பி நல்ல இடத்தைத் தொட்டார். இந்த நாடு ஒருமுறை வெளிநாட்டு எண்ணெயை விட்டு விலகப் பார்த்தது. அதற்கு யார் காசு கொடுத்தார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

1973 நவம்பரில் அரபு நாடுகள் நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்கு எண்ணெய் தர மறுத்தன. வேக வரம்பை மணிக்கு 80 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். மாலையிலும் வார இறுதியிலும் பங்க்கைப் பூட்டிவிடுவார்கள். ஸ்டாங்கரில் சனிக்கிழமை கல்யாணம் என்றால் வெள்ளிக்கிழமையே டேங்கை நிரப்பிவிட வேண்டும். திரும்பி வரப் போதுமா என்பது மாப்பிள்ளை வீட்டார் கவலை. ஈரான் ஷா மட்டும் தொடர்ந்து கொடுத்தார். 1978 வாக்கில் நம் கச்சா எண்ணெயில் 90 சதவீதம் ஈரானிலிருந்து. 1979 புரட்சியோடு அந்தக் கதவும் அடைபட்டது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் திருட்டு வியாபாரம். சேலம் என்ற கப்பலைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நம் ஊர் சேலம் இல்லை. குவைத்தில் ஏறத்தாழ 1,96,000 டன் கச்சா எண்ணெய் ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போவதாகக் கிளம்பியது. வழியில் பெயரை 'லெமா' என்று மாற்றிக்கொண்டு டர்பனுக்கு வந்தது. இங்கே கடலுக்குள் இருக்கிற மிதவையில் குழாய் மாட்டி ஏறத்தாழ 1,80,000 டன்னை இறக்கினார்கள். வயிற்றில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு போய், 1980 ஜனவரி 17 அன்று செனகல் பக்கம் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டது. மீட்கப்பட்ட மாலுமிகள் பெட்டி கட்டி, சாண்ட்விச்சும் தயாராக வைத்திருந்தார்களாம்! அப்போதெல்லாம் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பத்திரிகை எழுதினால் குற்றம். 1977 சட்டம் வாயைக் கட்டிப்போட்டது.

வாங்கிய எண்ணெயை எங்கே ஒளித்தார்கள்? சல்தானாவில் பூமிக்கடியில் காங்கிரீட் தொட்டிகள். ஓகீஸில் நிலக்கரி வெட்டி முடித்த சுரங்கங்களுக்குள்ளேயே கச்சா எண்ணெயை ஊற்றி வைத்தார்கள். நிலக்கரியை எண்ணெயாக்கும் சசோல் நிறுவனத்தின் இரண்டாவது ஆலை 1980இல் ஓடியது, மூன்றாவது 1982இல்; இந்த இரண்டும்தான் இன்றைய செகுண்டா. மொசெல் பே 1992இல், ஏறத்தாழ 1,100 கோடி ராண்டு செலவில். எல்லாவற்றுக்கும் பங்க்கில் லிட்டருக்கு இவ்வளவு என்று தீர்வை பிடித்தார்கள். ஓட்டுரிமை இல்லாதவனும் அந்தத் தீர்வையைக் கட்டினான். சுயசார்பு என்று யாராவது மேடையில் முழங்கினால் எனக்கு அந்த ரசீதுதான் ஞாபகம் வருகிறது.

---

பிரிட்டோரியா_வாசகன்

மூத்தவர் ஐயா எழுதியதோடு ஒரு வரி: உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஒரு எல்லைக்குக் கீழே விழுந்தால் சசோலுக்கு அரசு ஈடு கட்டிய காலமும் உண்டு. 2000களில் விலை மேலே பறந்தபோது, அந்தக் கூடுதல் லாபத்துக்கு வரி போடலாமா என்று நிதியமைச்சகம் குழு அமைத்து ஆராய்ந்து, கடைசியில் வேண்டாம் என்று விட்டுவிட்டது. நஷ்டம் என்றால் ஊர்ப் பணம், லாபம் என்றால் பங்குதாரர் பணம்.

கணக்கரோடு நான் முரண்படும் இடம் வேறு. வெளிநாட்டிலிருந்து வாங்குவதில் என்ன பாவம்? ஜப்பானில் எண்ணெய்க் கிணறு உண்டா? பத்துப் பேரிடம் வாங்குகிறவனுக்கு ஒருவன் கை விரித்தால் பயமில்லை. நம்முடைய பலவீனம் வாசல் ஒன்றே ஒன்றாக இருப்பதுதான். எண்ணெயின் பெரும்பகுதி டர்பன் வழியாக இறங்கி, 555 கிலோமீட்டர் குழாயில் ஜோகன்னஸ்பர்க்குக்கு ஏறுகிறது. வளைகுடாவில் எதுவும் நடக்காமலே, டர்பனில் ஒரு வாரம் மழை பெய்தால் போதும்.

கையிருப்பைப் பற்றியும் பேசுங்கள். 2015 டிசம்பரில், எண்ணெய் விலை பாதாளத்தில் கிடந்த நேரத்தில், சல்தானாவிலிருந்து ஏறத்தாழ 1 கோடி பீப்பாயை விற்றார்கள். கேப் டவுன் உயர் நீதிமன்றம் 2020இல் அந்த விற்பனையைச் செல்லாது என்றது. இன்று சல்தானா முழுவதையும் நிரப்பி வைத்தாலும் அது கச்சா எண்ணெய். ஆலைகளில் பாதி மூடிக்கிடக்கும்போது அதைக் குடிக்கவா முடியும்?

---

லாரிக்காரர்_பீட்டர்மரிட்ஸ்பர்க்

வாசகன் சொன்ன வாசல் கதையை நான் அனுபவித்தவன். 2021 ஜூலைக் கலவரத்தில் மூயி ரிவரில் லாரிகளை எரித்தார்கள், என்3 நெடுஞ்சாலை அடைபட்டது. சேப்ரெஃப் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. கேனில் பெட்ரோல் விற்கக் கூடாது என்று அரசு தடை போட்டது. என் வண்டிகள் யார்டில் நின்றன. அன்றைக்கு வளைகுடாவில் எண்ணெய் ஆறாக ஓடியது; எனக்கு ஒரு சொட்டு இல்லை.

சூரிய ஒளி, காற்று என்று அடுத்து யாராவது ஆரம்பிப்பீர்கள். ஆரம்பியுங்கள். முப்பது டன் சரக்கோடு வேன் ரீனன் மலையேற்றத்தை வெயிலில் ஏற்றிக்காட்டினால் கும்பிடுகிறேன்.

---

வென்ட்வொர்த்_ஆசிரியை

ஆலைகள் மூடியதை எல்லோரும் சாவு வீட்டுச் செய்தி போல எழுதுகிறீர்கள். தென் டர்பனில் குடியிருப்பவர்களைக் கேட்டீர்களா?

முதலாவது ஆலை 1954இல் வந்தது, இரண்டாவது 1963இல். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் இந்தியர்களை மெரிபேங்கிலும் கலப்பினத்தவரை வென்ட்வொர்த்திலும் அடைத்தார்கள். ஒரு பக்கம் ஒரு ஆலை, மறுபக்கம் இன்னொன்று, நடுவில் காகித ஆலை, கிழக்கே பிளஃப் மேடு. காற்று வெளியேற வழியில்லாத பள்ளம். 2000களின் தொடக்கத்தில் மெரிபேங்க் செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் ஆய்வு செய்தபோது பாதிப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா அறிகுறி இருந்தது. 2001இல் நிலத்தடிக் குழாய் கசிந்து பத்து லட்சம் லிட்டருக்கு மேல் பெட்ரோல் வீடுகளுக்கு அடியில் மண்ணில் இறங்கியது.

என் வகுப்பில் மேசை இழுப்பறை ஒன்றில் ஆஸ்துமா பம்புகள் மட்டும் வைத்திருந்தோம். ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர் எழுதி ஒட்டிய பிளாஸ்டர். தென்மேற்குக் காற்று அடிக்கிற நாளில் விளையாட்டு வகுப்பை ரத்து செய்வோம். அந்த வாசனை அழுகிய முட்டை வாசனை. ஜன்னலை மூடினால் வெக்கை, திறந்தால் இருமல்.

சுத்திகரித்த டீசலை இறக்குமதி செய்தால் அந்தப் புகை ஜாம்நகர்ப் பிள்ளைகளுக்குப் போகிறது என்பது எனக்கும் தெரியும். அதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. ஆனால் நாட்டின் எண்ணெய்ப் பாதுகாப்பு என்ற பெயரில் அரை நூற்றாண்டு மூச்சைக் கொடுத்த ஊரிடம், ஆலை மூடிவிட்டதே என்று ஒப்பாரி வைக்கச் சொல்லாதீர்கள்.

---

டர்பன்_கணக்கர்

ஆசிரியை அக்கா, மூச்சுக்கு விலை போட என் பேரேட்டில் கட்டம் இல்லை, ஒப்புக்கொள்ள வேண்டிய வாதம். ஆனால் அந்த ஆலைகளில் வேலை செய்த ஃபிட்டர், வெல்டர், ஒப்பந்தக்காரர் எல்லாம் அதே தெருக்களில்தான் குடியிருந்தார்கள். ஆண்டுப் பராமரிப்புக்கு ஆலையை நிறுத்தும் வாரங்களில் வந்த கூலியை வைத்துத்தான் பல வீடுகளில் கல்லூரிக் கட்டணம் கட்டினார்கள். அந்தக் கணக்கும் இருக்கிறது.

சரி, நிலக்கரி எண்ணெய் வேண்டாம் என்றால் எரிவாயுவும் அணுசக்தியும்? தெற்குக் கடலில் 2019இல் புரூல்பாடா, 2020இல் லைபெர்ட் என்று இரண்டு வயல்கள் கண்டுபிடித்தார்களே.

---

நீராவிக்குழாய்

கண்டுபிடித்த டோட்டல்எனர்ஜீஸ் நிறுவனமே 2024இல் விலகிக்கொண்டது. ஆழ்கடல், கொடும் நீரோட்டம். எடுக்கிற வாயுவைக் கட்டுப்படியாகும் விலைக்கு வாங்க உள்ளூரில் ஆளில்லை என்பது அவர்கள் கணக்கு.

இப்போது நாம் எரிக்கிற எரிவாயு பெரும்பாலும் மொசாம்பிக்கிலிருந்து. 2004 முதல் 865 கிலோமீட்டர் குழாயில் செகுண்டாவுக்கு வருகிறது, அங்கிருந்து ஒரு கிளை டர்பன் வரை. அந்த வயல்கள் வற்றிக்கொண்டிருக்கின்றன. இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தொழிற்சாலைகளுக்கு எரிவாயு கிடைக்காது என்ற பேச்சுத்தான் எங்கள் பக்கம் எல்லாக் கூட்டத்திலும். மாற்றாகச் சொல்வது என்ன தெரியுமா? திரவமாக்கிய எரிவாயுவைக் கப்பலில் கொண்டுவருவது. மறுபடி கப்பல், மறுபடி டாலர்.

கூபர்க் அணுமின் நிலையம் 1984 முதல் ஓடுகிறது, இரண்டு உலைகளுக்கும் ஆயுளை இருபது ஆண்டு நீட்டித்துவிட்டார்கள். மின்சாரத்துக்கு நல்ல பழைய மாடு. ஆனால் எரிபொருள் தண்டுகளை வெளிநாட்டில்தான் செய்து வாங்குகிறோம். யுரேனியம் நம் மண்ணில் இருந்தும்!

---

கூரைச்சூரியன்_பீனிக்ஸ்

நான் சூரியத்தகடு பொருத்துகிற தொழில் செய்கிறேன், ஆகவே என் பேச்சை வியாபாரப் பேச்சு என்று தள்ளுபடி செய்துகொண்டே படிக்கலாம்.

எண்ணெயும் மின்சாரமும் வேறு வேறு என்று நினைத்து எல்லோரும் எழுதுகிறீர்கள். அரசு மின்நிறுவனமான எஸ்காமின் நிலக்கரி நிலையங்கள் படுத்துக்கொண்டபோது கேப் பக்கம் இருக்கிற அங்கர்லிக், கௌரிக்வா நிலையங்களில் டீசலை எரித்து மின்சாரம் எடுத்தார்கள். 2022-23இல் மட்டும் டீசலுக்கு 2,000 கோடி ராண்டுக்கு மேல். அது போதாமல் ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு ஜெனரேட்டர். பன்னி சௌ விற்கிற கடைக்காரர் மாலை ஆறு மணி மின்வெட்டுக்குள் வறுவலை முடிக்க டீசல் வாங்கினார். உள்நாட்டு நிலக்கரி காலை வாரியபோது நம்மைத் தாங்கியது வெளிநாட்டு டீசல். இதை யாரும் சுயசார்புக் கணக்கில் எழுதுவதில்லை.

பிறகு ஜனங்கள் அரசைக் கேட்காமல் கூரை ஏறினார்கள். 2022 மார்ச்சில் நாட்டில் கூரைச் சூரிய மின்சாரம் ஆயிரம் மெகாவாட்டுக்கும் குறைவு. 2023 ஜூனில் 4,400 மெகாவாட்டைத் தாண்டியது. கூபர்க் நிலையத்தின் திறனைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல், ஒன்றேகால் ஆண்டில்! (வெயில் இரவில் இல்லை, அணு உலை இரவிலும் ஓடும் என்று நீராவிக்குழாய் தம்பி எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.) எஸ்காம் ஒரு நிலையத்தைக் கட்டி முடிக்க எடுத்துக்கொண்ட காலத்தில் இந்த வேகத்தைக் கனவிலும் பார்த்ததில்லை.

ஆனால் என் தொழிலில் பார்த்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்லாங்காவில் ஒரு வீட்டுக்குப் பத்துக் கிலோவாட் இன்வெர்ட்டர், இரண்டு லித்தியம் பேட்டரி, கூரை நிறையத் தகடு. அதே வாரம் பீனிக்ஸில் ஒரு பாட்டி வீட்டுக்குப் போனால், முன்பணம் கட்டும் மீட்டரில் மாதக் கடைசியில் நாற்பது ராண்டுக்கு மின்சாரம் வாங்கிப் போடுகிறார். 2023இல் தகட்டு விலையில் கால் பங்கை, 15,000 ராண்டு வரை, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். வருமான வரியே கட்டாத பாட்டிக்கு அதனால் என்ன? வசதிக்காரர்கள் மின்கட்டணத்தைக் குறைத்துக்கொண்டதும் மாநகராட்சியின் வருமானம் குறைகிறது, கம்பி பராமரிப்புச் செலவு மிச்சமிருப்பவர் தலையில் விடிகிறது.

---

பிரிட்டோரியா_வாசகன்

தகடு எங்கிருந்து வருகிறது? சீனாவிலிருந்து. பேட்டரி? சீனாவிலிருந்து. வளைகுடாவைவிட்டுச் சீனாவிடம் போய்ச் சரணடைவதற்கா இந்தப் பாடு?

---

கூரைச்சூரியன்_பீனிக்ஸ்

வாசகன் அண்ணா, இந்தக் கேள்வியை மாதத்துக்கு நாலு வாடிக்கையாளர் கேட்கிறார்கள். எண்ணெய் வரத்து நின்றால் சில வாரங்களில் வண்டி நிற்கும். சீனா நாளைக்கே தகடு தர மறுத்தாலும், கூரையில் ஏற்கெனவே இருக்கிற தகடு இருபது இருபத்தைந்து ஆண்டு ஓடும். புதிதாகப் போட முடியாது, அவ்வளவுதான். இன்னொன்று, நீராவிக்குழாய் தம்பி எழுதிய கப்பல் கணக்கை நினைத்துப் பாருங்கள். செகுண்டா பெட்ரோல் நம் மண்ணில் செய்தது, விலை மட்டும் வெளிநாட்டு விலை. தகடு வெளிநாட்டில் செய்தது. அதிலிருந்து வருகிற மின்சாரத்துக்கு எந்தச் சந்தையும் விலை சொல்ல முடியாது. பொருள் எங்கே பிறந்தது என்று பார்ப்பதா, விலையை யார் கையில் கொடுத்திருக்கிறோம் என்று பார்ப்பதா? எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

---

மெரிபேங்க்_மூத்தவர்

நடுவில் ஒரு பழங்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் எங்கள் மெரிபேங்கிலேயே வண்டிக்கு எரிபொருள் காய்ச்சினார்கள். கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து சாராயம் வடித்து, அதில் ஈதர் கலந்து, 'நேட்டலைட்' என்று விற்றார்கள். நம் முன்னோர் வெட்டிய கரும்பில் கார் ஓடியிருக்கிறது! பெட்ரோல் மலிந்ததும் எடுபடாமல் போயிற்று.

2007இல் அரசு உயிரி எரிபொருள் கொள்கை வெளியிட்டது. கரும்பு, சர்க்கரை பீட்ரூட் எல்லாம் சரி, மக்காச்சோளம் மட்டும் கூடாது, சாப்பாட்டு விலை ஏறும் என்றார்கள். இலக்கு எரிபொருளில் 2 சதவீதம். இத்தனை ஆண்டில் அந்த இரண்டைக்கூடத் தொடவில்லை. கரும்பு விவசாயிகள் விலையில்லாமல் தவிக்கிறார்கள், ஆலைகள் கடனில் கிடக்கின்றன, எரிசாராயத்தைப் பற்றிக் கருத்தரங்கு மட்டும் தவறாமல் நடக்கிறது.

---

லாரிக்காரர்_பீட்டர்மரிட்ஸ்பர்க்

இரண்டு சதவீதத்தில் என் வண்டி டர்பனைவிட்டே தாண்டாது ஐயா.

வேன் ரீனன் மலைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதைச் சபையின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

---

பிரிட்டோரியா_வாசகன்

நான் சொல்கிறேன். அந்த மலையில் உங்கள் லாரி எதற்கு ஏற வேண்டும்?

டர்பன்-ஜோகன்னஸ்பர்க் ரயில்பாதை மின்மயமானது. அதில் ஓடும் சரக்கு ரயிலுக்கு ஒரு சொட்டு டீசல் வேண்டாம். 2017-18இல் நாடு முழுக்க ரயிலில் 22 கோடி 60 லட்சம் டன் சரக்கு போனது. 2022-23இல் 15 கோடி டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. செம்புக் கம்பியை வெட்டி விற்றார்கள், எஞ்சினுக்கு உதிரிபாகம் இல்லை, ஊழல் ஒப்பந்தங்கள் ஒரு பக்கம். அந்தச் சரக்கில் ஒரு பகுதி சாலைக்கு வந்தது. இறக்குமதி டீசலைச் சார்ந்திருப்பது இறைவன் விதித்த விதியில்லை, கண்முன்னே நாமே கட்டிக்கொண்டது. எண்ணெய்க்கு மாற்று எங்கே என்று கடலிலும் பாலைவனத்திலும் தேடுகிறோம், என்3க்குப் பக்கத்திலேயே தண்டவாளம் துருப்பிடிக்கிறது.

மின்சார வண்டிக்கும் இதே கூத்துத்தான். ஐரோப்பாவிலிருந்து வரும் பெட்ரோல் காருக்கு 18 சதவீதச் சுங்கம், மின்சாரக் காருக்கு 25 சதவீதம். யாருக்கு யார் எதிரி என்று புரிகிறதா?

---

லாரிக்காரர்_பீட்டர்மரிட்ஸ்பர்க்

வாசகன், நீங்கள் நினைக்கிற மாதிரி நான் கோபப்படவில்லை. தொலைதூர ஓட்டத்தில் எங்களுக்கு மிஞ்சுவது சொற்பம். டீசல், சுங்கச்சாவடி, டயர், ஓட்டுநர் படி எல்லாம் போக, துறைமுக வாசலில் வரிசையில் நிற்கிற நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. பெட்டகத்தை ரயில் கொண்டுபோய், சரக்கு முனையத்திலிருந்து கிடங்கு வரை நாங்கள் ஓட்டினால் வண்டி இரவில் வீட்டுக்கு வரும். அந்தச் சின்ன ஓட்டத்துக்கு மின்சார லாரியும் சரிப்படும், மலையேற்றம் கிடையாதே. ஆனால் ரயில் சொன்ன நாளுக்குப் போய்ச் சேர வேண்டும். என் வாடிக்கையாளர் ஒருவர் ஒருமுறை பெட்டகத்தை ரயிலில் போட்டார். சரக்கு வருவதற்குள் அவருடைய பருவ விற்பனையே முடிந்துவிட்டது. அதன் பிறகு ரயில் என்ற பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுகிறார்.

---

டர்பன்_கணக்கர்

விவாதம் நான் நினைத்த பக்கம் போகவில்லை, ஆனால் பயனுள்ள பக்கம் போகிறது. ஒரு கணக்கு மட்டும் என்னை உறுத்துகிறது. 2025இல் பெட்ரோல் லிட்டருக்குப் பொதுத் தீர்வை ஏறத்தாழ 4 ராண்டு, சாலை விபத்து நிதிக்கு 2 ராண்டு 18 சென்ட். அதாவது லிட்டருக்கு ஆறு ராண்டுக்கு மேல் கஜானாவுக்குப் போனது. நாளைக்கே பாதி வண்டிகள் மின்சாரத்துக்கு மாறினால் அந்தப் பணத்துக்கு அரசு எங்கே போகும்? வெளிநாட்டு எண்ணெயைச் சார்ந்திருப்பதில் அரசும் ஒரு பங்காளி. இதை மறந்துவிட்டுக் கொள்கை பேசுவது வீண்.

---

வென்ட்வொர்த்_ஆசிரியை

பங்காளி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். 2024இல் அரசின் மத்திய எரிசக்தி நிதியம் சேப்ரெஃப் ஆலையை 1 ராண்டுக்கு வாங்கியது. ஒரு ராண்டு! மண்ணுக்கடியில் இருக்கிற கசிவையும் சேர்த்துத்தானே வாங்கினார்கள்? நாளொன்றுக்கு 1,80,000 பீப்பாய் ஓடிய ஆலையைத் திரும்ப ஓட்டுவோம், இன்னும் பெரிதாக்குவோம் என்று பேசுகிறார்கள். இந்த இழையில் ஒருவராவது, ஓட்டுவதற்கு முன் மெரிபேங்கைக் கேளுங்கள் என்று எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன்.

---

மெரிபேங்க்_மூத்தவர்

நான் எழுதுகிறேன் அம்மா. 2021 டிசம்பரில் கிழக்குக் கேப்பின் 'வைல்ட் கோஸ்ட்' கரையோரம் ஷெல் எண்ணெய் நிறுவனம் கடலுக்கடியில் அதிர்வு ஆய்வு நடத்தப் போனபோது, மீனவரும் கிராமத்தாரும் வழக்குப் போட்டு நிறுத்தினார்கள். கரையோர மக்களை முறையாகக் கலந்து பேசவில்லை என்பதுதான் அடுத்த ஆண்டு வந்த தீர்ப்பின் ஆணிவேர். நாலு குடிசை மீனவர்களால் முடிந்தது, சங்கமும் கோயில் கமிட்டியும் வக்கீல்களும் நிறைந்த மெரிபேங்கால் முடியாதா? கலந்தாய்வுக் கூட்ட அறிவிப்பு செய்தித்தாளில் ஒரு மூலையில் வரும். அதைப் பார்த்து வைப்பது என் பொறுப்பு. ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? ஆட்களைத் திரட்டுவது உங்கள் பொறுப்பு.

---

நீராவிக்குழாய்

கூட்டம் நடந்தால் எனக்கும் சொல்லுங்கள் ஐயா. எந்த வாயு எவ்வளவு வெளியேறும், எந்த அளவுமானியின் பதிவைக் கேட்டு வாங்க வேண்டும் என்று எழுதித் தருகிறேன். பெயர் மட்டும் போடாதீர்கள், நான் இன்னும் வேலையில் இருக்கிறேன்.

---

டர்பன்_கணக்கர்

கூரைச்சூரியன், தனிப்பட்ட கேள்வி, இங்கேயே கேட்டுவிடுகிறேன். என் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் சேர்த்து மதிப்பீடு தருவீர்களா? அக்காவுக்குக் கையிருப்பு அதிகமில்லை.

---

கூரைச்சூரியன்_பீனிக்ஸ்

அக்கா வீட்டுக்குத் தகடே வேண்டாம், முதலில் கீசரைப் பாருங்கள். இந்த ஊர் வீடுகளில் மின்சாரத்தை அதிகம் விழுங்குவது அதுதான். ஒரு டைமர் மாட்டி, சூட்டை 60 டிகிரிக்குக் குறைத்து, தொட்டியைச் சுற்றிப் போர்வை கட்டினால் அடுத்த மாதமே பில்லில் தெரியும். மிச்சம் சேர்ந்ததும் கூரையில் சூரிய வெந்நீர்த் தொட்டி வைக்கலாம், அதற்குப் பேட்டரி தேவையில்லை. உங்கள் வீட்டுக்கு வேண்டுமானால் ஐந்து கிலோவாட் போதும். மாநகராட்சியில் பதிவு செய்து, மின்பணியாளர் சான்றிதழ் வாங்கித்தான் மாட்டித் தருவேன். யாராவது சான்றிதழ் இல்லாமல் பாதி விலைக்கு மாட்டுகிறேன் என்றால், தீப்பிடித்த பிறகு காப்புறுதிக்காரர் கேட்கப்போகிற முதல் காகிதம் அதுதான் என்று அவரிடமே சொல்லுங்கள். கடந்த பன்னிரண்டு மாத மின்பில்லை எடுத்து வையுங்கள், சனிக்கிழமை வருகிறேன்.